டாக்டர் அம்மாவுக்கு, பீட்ரூட் சாறு பற்றி

தாமான் செந்தோசா, கிள்ளான்
12 பிப்ரவரி 2023

மதிப்பிற்குரிய டாக்டர் மங்கை அம்மா அவர்களுக்கு,

கிள்ளானிலிருந்து பவுனம்மாள் எழுதுவது. இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் ஓரளவு சுகம்.

'நித்திலம்' ஞாயிறு பதிப்பில் நீங்கள் எழுதும் 'உணவே நலம்' பகுதியை நான் ஒரு வாரமும் விட்டதில்லை. போன ஞாயிறு பீட்ரூட்டின் பயன்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ரத்தம் ஊறும், ரத்த அழுத்தம் இறங்கும், அசதி போகும், மலச்சிக்கல் தீரும் என்று படித்ததும் கத்தரித்து ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ரெங்கசாமிக்கு வயது அறுபத்தாறு. துறைமுகத்திலிருந்து ஈப்போவுக்கு முப்பத்தொரு வருடம் லோரி ஓட்டியவர். இப்போது வாசல் கேட்டைத் திறந்து மூடினால்கூட மூச்சு வாங்குகிறது. கிளினிக்கில் ரத்தம் எட்டுதான் இருக்கிறது என்றார்கள். பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது பாட்டுக்கு இருக்கட்டும், காய்கறியில் சரியானால் நல்லதுதானே என்று நினைக்கிறேன்.

சாற்றைப் பச்சையாகக் கொடுப்பதா, வேகவைத்தா? ஒரு நாளைக்கு எவ்வளவு? கட்டுரையில் அது இல்லை. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் கேமரன் மலை பீட்ரூட் நல்ல உருண்டையாகக் கிடைக்கிறது.

கைப்பேசியில் எழுத எனக்கு வராது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வணக்கத்துடன்,
பவுனம்மாள்

*

'நித்திலம்' அலுவலகம், பிரிக்ஃபீல்ட்ஸ்
24 பிப்ரவரி 2023

அன்புச் சகோதரி பவுனம்மாளுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு நலம். உங்கள் கணவர் விரைவில் பழைய தெம்புக்கு வர வேண்டுகிறேன்.

'உணவே நலம்' பகுதிக்குத் தபாலில் வந்த முதல் கடிதம் உங்களுடையதுதான். என் மேசைக்கு எதிரே குத்தி வைத்திருக்கிறேன். பிழை ஒன்றுமில்லை, உங்கள் கையெழுத்து அழகாகவே இருக்கிறது.

நடுத்தரமான ஒரு பீட்ரூட்டைத் தோல் சீவி, ஒரு கேரட் சேர்த்து அரைத்து வடிகட்டுங்கள். எலுமிச்சை அரை மூடி பிழிந்தால் மண்வாடை தெரியாது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் போதும். பச்சையாகக் கொடுப்பதுதான் சிறப்பு, வேகவைத்தால் சத்து தண்ணீரில் போய்விடும். அதன் கீரையை எறிந்துவிடாதீர்கள். பருப்புடன் கூட்டு வைக்கலாம், கிழங்கைவிட அதில் இரும்புச்சத்து அதிகம். தேங்காய் போட்டுப் பொரியலும் செய்து கொடுங்கள். தொடர்ந்து கொடுத்தால்தான் பலன் தெரியும்.

கணவரை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மங்கை

*

தாமான் செந்தோசா
19 மார்ச் 2023

டாக்டர் அம்மாவுக்கு,

பவுனம்மாளின் வணக்கம். இந்த வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "டாக்டரே கைப்பட எழுதியிருக்காங்களா?" என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் கிளாஸைப் பார்த்து, "என்னலா இது, லோரிக்கு அடிக்கிற பெயின்ட் மாதிரி இருக்கு" என்றார். இப்போது ஏழு மணிக்கு அவரே மேசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

முகம் தெளிந்திருக்கிறது அம்மா. நான் ஆசையில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு புஷ்பவல்லியும் சொன்னாள். போன வாரம் சந்துமுனை கடை வரைக்கும் நடந்து போய் பேப்பர் வாங்கி வந்தார். கூட்டு, பொரியல் எல்லாம் செய்கிறேன். பீட்ரூட் அல்வாவும் கிளறினேன். அவருக்கு இனிப்பு நீர் இருப்பதால் அவருக்கு மட்டும் சர்க்கரை போடாமல் தனியாக எடுத்து வைத்தேன். அது அல்வாவே இல்லை என்று ஒரு சண்டை.

ஒன்று கேட்க வேண்டும், எழுதக் கூச்சமாக இருக்கிறது. டாக்டரிடம் மறைக்கக் கூடாது. அவருக்கு மூத்திரம் சிவப்பாகப் போகிறது. பயந்துபோனார். இது ரத்தமா, பீட்ரூட்டா? நிறுத்திவிடவா?

பதில் உடனே போடுங்கள்.

பவுனம்மாள்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
24 மார்ச் 2023

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். கடிதம் கண்ட உடனேயே எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. பீட்ரூட்டின் நிறம் சிலருக்கு அப்படியே இறங்கும். கெடுதல் இல்லை.

அவர் கடை வரைக்கும் நடந்தார் என்று படித்தபோது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது தெரியுமா? எழுதி எழுதிப் போடுகிறோம், யார் படிக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களும் அளவோடு சாப்பிடலாம். இவ்வளவு பலன் தெரிகிறதென்றால் மாலையிலும் அரை கிளாஸ் கொடுத்துப் பாருங்கள்.

இருவரும் நலமாக இருங்கள்.

மங்கை

*

தாமான் செந்தோசா
7 மே 2023

டாக்டர் அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் சுகம்தானே? இத்துடன் ஒரு டின் முறுக்கு என் அக்காள் மகன் குரு கொண்டுவந்து தருவான். அவன் உங்கள் ஆபீஸ் பக்கத்துச் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வேலை செய்கிறான். அரிசியை நானே ஊறவைத்து மில்லில் அரைத்துச் சுட்டது. உங்களுக்குக் கொடுக்க எங்களிடம் வேறு என்ன இருக்கிறது?

நீங்கள் சொன்னபடி இரண்டு வேளையும் கொடுக்கிறேன். அவர் முன்பு மாதிரி சிடுசிடுப்பதில்லை. நேற்று ரவாங்கிலிருந்து எங்கள் மகள் மலர் பிள்ளைகளோடு வந்திருந்தாள். பேரனைத் தோளில் ஏற்றிக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

கால் இரண்டும் கொஞ்சம் வீங்கியிருக்கின்றன. உட்கார்ந்தே இருப்பதால் இருக்கும். இந்த மாதம் கிளினிக் தேதிக்குப் போகவில்லை. "அதான் டாக்டரம்மா இருக்காங்களே, அங்க போய் நாலு மணி நேரம் ஏன் உட்காரணும்?" என்கிறார். எனக்கும் அந்தத் தைரியம்தான்.

முறுக்கு நமுத்துப் போவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

பவுனம்மாள்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
2 ஜூன் 2023

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். முறுக்கு கிடைத்தது. அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிட்டோம், நன்றாக இருந்தது. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும்.

கால் வீக்கத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கிளினிக் தேதியைத் தவறவிட வேண்டாம், அவர்கள் சொல்வதை முதலில் கேளுங்கள். இனிப்பு நீர் எத்தனை வருடமாக இருக்கிறது? வேறு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா? எனக்கு எழுதுங்கள்.

அவர் உடம்பு இப்போது எப்படி?

மங்கை

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
14 ஜூலை 2023

அன்புச் சகோதரிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. இருவரும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன். இதை போஸ் லாஜு விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நாளையே கிடைத்துவிடும்.

அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு இருப்பதாக யாராவது எப்போதாவது சொல்லியிருந்தால் பீட்ரூட் சாற்றை இன்றே நிறுத்திவிடுங்கள். கீரையும் வேண்டாம். இதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஒரு வரி போதும், எழுதுங்கள்.

மங்கை

*

தாமான் செந்தோசா
20 ஆகஸ்டு 2023

டாக்டர் அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

அவர் மே மாதம் 23ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்தன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்தது. அவர் உடம்பு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். மடித்து வைத்துவிட்டேன். அடுத்த கடிதத்துக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இப்போதுதான் கை ஓடுகிறது.

அன்று காலை ஏழு மணிக்கு எப்போதும்போல் சாறு கொண்டுபோய் வைத்தேன். கிளாஸை எடுத்தவர் கீழே வைத்துவிட்டு, "பவுனு, கையில பலமே இல்ல" என்றார். சும்மா சொல்கிறார் என்று நானே கிளாஸைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். பாதி குடித்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. புஷ்பவல்லி மகன்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் பிள்ளை என்னிடம் வந்து, 'மக்சிக்' என்று அத்தை முறையில் கூப்பிட்டு, அவர் என்ன சாப்பிடுவார் என்று மலாயில் விசாரித்தது. நான் பெருமையாகச் சொன்னேன் அம்மா. தினமும் பீட்ரூட் சாறு, இரண்டு வேளை, மூன்று மாதமாக, நானே அரைத்துக் கொடுக்கிறேன் என்று. அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டது. என்னைத் திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டது. ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு ஏறிவிட்டது, கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியே தள்ள முடியவில்லை, அது நெஞ்சை நிறுத்தப் பார்க்கிறது என்று சொன்னது. ஊசி எல்லாம் போட்டார்கள். பத்தரை மணிக்கு முடிந்துவிட்டது.

இப்போது நான் உங்களிடம் மறைத்ததைச் சொல்ல வேண்டும்.

அவருக்குக் கிட்னி போய்விட்டது என்று எனக்குப் போன வருடம் தீபாவளி முடிந்த மாதமே தெரியும். நூற்றுக்குப் பன்னிரண்டுதான் வேலை செய்கிறது, ரத்தத்தை மிஷினில் சுத்தம் பண்ண வேண்டும் என்றார்கள். அவருடைய அண்ணன் பழனியப்பன் ஆறு வருடம் அந்த மிஷினில் படுத்து எழுந்து, கடைசியில் தூக்கி உட்காரவைக்கும்படி ஆகிப் போய்ச்சேர்ந்தவர். இவர்தான் வாரத்துக்கு மூன்று நாள் ஏற்றி இறக்கினார். "நான் அதுல படுக்கமாட்டேன் பவுனு. பேசாத" என்று சொல்லிவிட்டார். மலரிடமும் சொல்லக் கூடாது என்றார்.

அப்போதுதான் உங்கள் கட்டுரை வந்தது. ரத்தம் குறைவு என்று உங்களுக்கு எழுதினேன், கிட்னியை எழுதவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் டாக்டர், மிஷினில் போடத்தான் சொல்லியிருப்பீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்துதான் எழுதவில்லை. அவர் நடந்தார், சிரித்தார், எனக்கு அது போதுமாக இருந்தது.

மலர் உங்கள் கடிதங்களைப் பார்த்துவிட்டாள். "எந்த டாக்டர்மா இப்படி ரிப்போர்ட் பாக்காம எழுதுவாங்க?" என்று கத்தினாள். நான் சொன்னேன், அந்தம்மா மேல் குற்றமில்லை, டாக்டரிடம் பாதியை மறைத்தது நான், என் கையால் கொடுத்தேன், பாவம் என்னோடது என்று. இரண்டு வாரமாக அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீங்கள் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்காக நேரம் எடுத்து எழுதினீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பவுனம்மாள்

*

செந்தூல்
30 அக்டோபர் 2023

பவுனம்மாள் ஆன்டி அவர்களுக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா? மலர் பேசுகிறார்களா?

உங்கள் கடிதம் வந்து பத்து வாரம் ஆகிறது. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் அனுப்பிவிட வேண்டும் என்று தபால் நிலையத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் மங்கை இல்லை. அது அந்தப் பகுதிக்குப் பத்திரிகை வைத்த பெயர். எனக்கு முன்னால் இரண்டு பேர் அந்தப் பெயரில் எழுதியிருக்கிறார்கள். நான் வைஷ்ணவி நாச்சியப்பன். வயது இருபத்தொன்பது. உங்களைச் சகோதரி என்று எழுத எனக்கு வயதில்லை. நான் டாக்டர் இல்லை. நர்ஸ்கூட இல்லை. படித்தது வணிகம். பக்கம் அமைப்பது என் வேலை.

முதல் கடிதத்தில் நீங்கள் டாக்டர் அம்மா என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த வரியிலேயே நான் இல்லையென்று எழுதியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. எழுதவில்லை. என்னை யாரும் அப்படி மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. அதைப் படிக்க நன்றாக இருந்தது. காரணம் இவ்வளவுதான், இதைவிடக் கௌரவமான காரணம் என்னிடம் இல்லை.

அந்தக் கட்டுரை எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு வியாழக்கிழமை. பன்னிரண்டாம் பக்கத்தில் வரவேண்டிய விளம்பரம் வரவில்லை. எங்கள் ஆசிரியர் முகுந்தன், "வைஷு, ஏதாச்சும் ஒரு காய்கறி போட்டு நிரப்பு லா, நானூறு சொல்" என்றார். பீட்ரூட் படம் கையில் இருந்தது. நாலு இணையப் பக்கங்களைப் பார்த்து நாற்பது நிமிடத்தில் எழுதினேன். அதில் ஒரு பக்கத்தின் கடைசியில், சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று இருந்தது. அதையும் சேர்த்திருந்தேன் ஆன்டி. பக்கம் போட்டபோது இரண்டு வரிக்கு இடம் போதவில்லை. பயன்களில் எதையாவது எடுத்திருக்கலாம். நான் அந்த வரியை எடுத்தேன்.

அது எடுத்தது எனக்கு ஞாபகமே இல்லை. உங்கள் கால் வீக்கக் கடிதத்துக்குப் பிறகு ஏதோ உறுத்தியது. ஜூலையில் பழைய கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மாலையிலும் கொடுங்கள் என்றும் நானே எழுதியிருக்கிறேன். அதை எந்த இணையப் பக்கமும் சொல்லவில்லை. என் சந்தோஷத்தில் எழுதினேன்.

முகுந்தனிடம் திருத்தம் போட வேண்டும் என்றேன். "ஏழு மாசம் ஆச்சு, இப்ப போட்டா நம்மளே மாட்டிக்குவோம்" என்றார். விடாமல் கேட்டேன். செப்டம்பர் கடைசி வாரம் பொதுவான எச்சரிக்கையாக மூன்று வரி வந்தது, யார் கண்ணிலும் பட்டிருக்காது. நான் அங்கே வேலையை விட்டு நின்றுவிட்டேன். அதனால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதும் தெரியும்.

நீங்கள் மகளிடம் என்னைக் காப்பாற்றிப் பேசினீர்கள். டாக்டரிடம் மறைத்தேன் என்று அழுகிறீர்கள். நீங்கள் மறைப்பதற்கு இங்கே டாக்டரே இல்லை. நீங்கள் எல்லாவற்றையும் எழுதியிருந்தாலும் நான் இன்னொரு இணையப் பக்கத்தைத்தான் பார்த்திருப்பேன். இந்தக் கடிதத்தை மலரிடம் கொடுங்கள். அவர்கள் என்ன செய்தாலும் நான் மறுக்கமாட்டேன்.

நான் கிள்ளானுக்கு வந்து உங்களைப் பார்க்க வேண்டும். நேரில் சொல்ல வேண்டும். எந்த நாள் வரலாம் என்று எழுதுங்கள்.

வைஷ்ணவி

*

தாமான் செந்தோசா
7 ஜனவரி 2024

வைஷ்ணவிக்கு,

பவுனம்மாள் எழுதுவது. நான் இருக்கிறேன். நீ என்று எழுதவா, நீங்கள் என்று எழுதவா என்று யோசித்தேன். என் மகளைவிடச் சின்னவர். இருந்தாலும் நீங்கள் என்றே எழுதுகிறேன், நீ என்று கூப்பிட இப்போது மனசு வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. கோபம் இவ்வளவு வரும் என்று எனக்கே தெரியாது. ஐஸ்பெட்டிக் கதவில் இருந்த கட்டுரையைப் பிய்த்தேன், பாதி ஒட்டிக்கொண்டு வரவில்லை, கத்தியால் சுரண்டினேன். ஐந்து மாதமாக என் தலையில் நானே போட்டுக்கொண்டிருந்த பாரத்தில் பாதியை நீங்கள் வந்து தூக்குகிறீர்கள். அதற்கு நன்றி சொல்வதா, இத்தனை நாள் என்னைத் தூக்கவிட்டீர்களே என்று கேட்பதா?

மலரிடம் கொடுத்தேன். படித்தாள். பத்திரிகை மேல் கேஸ் போடலாம், ஃபேஸ்புக்கில் போடலாம் என்றெல்லாம் மருமகன் சொன்னார். அவள் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். அன்று முதல் என்னோடு பேசுகிறாள். அது உங்கள் கடிதத்தால்தான், அதை ஒளிக்க விரும்பவில்லை.

இன்னொன்றும் நடந்தது. சாவுப் பத்திரத்தோடு அவருடைய காகிதங்களை எல்லாம் கேட்டார்கள் என்று மலர் அவர் பெட்டியைத் திறந்தாள். லோரி லைசென்ஸுக்கு நடுவில் கிளினிக்கில் கொடுத்த தாள் ஒன்று நாலாக மடித்து இருந்தது. அப்படி ஒரு தாள் இருப்பதே எனக்குத் தெரியாது. கிட்னிக்காரர்கள் சாப்பிடக் கூடாதவை என்று மலாயில் அச்சடித்தது. மலர் வாசித்துச் சொன்னாள். வாழைப்பழம், இளநீர், டுரியான், பிறகு பீட்ரூட்.

எனக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. அவருக்கு நன்றாகப் படிக்க வரும். முப்பத்தொரு வருடம் டெலிவரி சீட்டு படித்தவர்.

அந்தத் தாளை அவர் பிரித்துப் பார்த்தாரா, வாங்கினபடியே பெட்டியில் போட்டாரா, தெரியவில்லை. பார்த்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் கொடுக்கிறேன் என்பதற்காகக் குடித்தாரா? மிஷினுக்குப் போகாமல் போய்விடலாம் என்று குடித்தாரா? மலர், அப்பா பார்த்திருக்கமாட்டார் என்கிறாள். நான் ஒரு நாள் பார்த்திருப்பார் என்கிறேன், ஒரு நாள் இல்லை என்கிறேன். யாரைக் கேட்பது? காலை ஏழு மணிக்கு அவர் மேசையில் உட்கார்ந்திருந்த முகத்தை ஒவ்வொரு நாளும் நினைத்துப் பார்க்கிறேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக இல்லை. கோர்ட்டில் நின்று அந்தத் தாளைப் பற்றி யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

நேரில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வராதீர்கள். வந்தால் நான் நாற்காலி எடுத்துப் போடுவேன், தேத்தண்ணீர் கலக்கிக் கொடுப்பேன். நீங்கள் அழுதால் முதுகைத் தடவிப் பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வந்தவரிடம் அப்படித்தான் எனக்குப் பேச வரும், வாய் தானாகச் சொல்லிவிடும். நீங்கள் மனசு லேசாகி ரயில் ஏறுவீர்கள். எனக்கு இன்னும் பரவாயில்லை என்று ஆகவில்லை. ஆகாமல் அதைச் சொல்லமாட்டேன். ஆகுமா என்றும் தெரியாது.

கடிதம் போடலாம். படிப்பேன். என்னிடமிருந்து பதில் வராவிட்டால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். எழுத வரவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

பவுனம்மாள் ரெங்கசாமி